ஊட்டுலயே கோதுமை அரைச்சு பிரட் சுடறது: மொதல்ல இருந்து கடைசி வரைக்கும்

சப்பாத்திக்கு அரைக்கற மாவு வேற, பிரட்டுக்கு அரைக்கற மாவு வேறங்க. இந்த ஒரு விசயம் ஆரம்பத்துலயே தெரிஞ்சிருந்தா என்ற மொத ஆறேழு பிரட்டும் வீணாப் போயிருக்காது. அப்பெல்லாம் வீதி முக்குல இருக்கற மாவு மில்லுல 2 கிலோ கோதுமையக் குடுத்து, நல்லா நைசா அரைச்சுக் குடுங்கன்னு சொல்லி வாங்கிட்டு வந்து, அந்தச் சூட்டோடயே பெசஞ்சு சுடுவேன், மேல பாத்தா செவந்து அழகா இருக்கும், கத்திய வெச்சா உள்ள களி மாதிரி ஒட்டிக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் கத்தியத் தொடைச்சுத் தொடைச்சு வெட்டோணும். ஈஸ்ட் சரியில்லைன்னு நெனச்சேன், அடுப்பு சரியில்லைன்னு நெனச்சேன். கடைசில பாத்தா விசயம் மாவுல இருந்துருக்குது.

மில்லுக்காரர் மேல தப்பே இல்லைங்க, சப்பாத்திக்கு எப்படி அரைக்கோணுமோ அப்படித்தான் அரைச்சுக் குடுத்தாரு. ரெண்டு கல்லையும் இறுக்கி வெச்சு வேகமா ஓட்டறப்ப கோதுமைக்குள்ள இருக்கற மாவுச்சத்து மணியெல்லாம் நசுங்கி ஒடையும், மாவும் கொதிக்கக் கொதிக்க விழுகும். ஒடைஞ்ச மாவுச்சத்து முழுசா இருக்கறதைக் காட்டியும் பல மடங்கு தண்ணி குடிக்கும். சப்பாத்தி கல்லுல ரெண்டு நிமிசத்துல வெந்துரும், குடிச்ச தண்ணி உள்ளயே நின்னுக்கும், அதனாலதான் மெத்துன்னு இருக்குது, அதுக்கு அப்படி அரைக்கறது நல்லதுதான். ஆனா பிரட் மாவு மணிக்கணக்கா ஊறி புளிச்சு வருதுங்க, அந்த நேரத்துல கோதுமையிலயே இருக்கற அமைலேஸ்ங்கற நொதி ஒடைஞ்ச மாவுச்சத்தைத்தான் மொதல்ல புடிச்சுச் சர்க்கரையா மாத்தும், மாத்தறப்ப அது குடிச்சு வெச்ச தண்ணியெல்லாம் வெளிய வந்துரும், மாவு தளர்ந்துரும், உள்பக்கம் களியா நின்னுக்கும். அதனால பிரட்டுக்கு அரைக்கறப்ப மாவு சூடேறக் கூடாது, ஒரே ஓட்டத்துல நைசாக்கோணும்னு அவசரப்படவும் கூடாது. கீழ சொல்றது முக்காவாசி இந்த ரெண்டையும் சுத்தித்தான் வரும்.

எந்தக் கோதுமை

பிரட் எந்திரிச்சு நிக்கறதுக்கு குளூட்டன் வேணும், அதாவது மாவுல தண்ணி சேந்ததும் ரப்பர் மாதிரி இழுபடற பசை. கடையில மாதிரிக்கு ஒரு கைப்புடி கோதுமை வாங்கி வாயில போட்டு மெல்ல மெல்லன்னு மென்னு பாருங்க, வர்ற பாலை முழுங்கிட்டே இருங்க, அஞ்சு நிமிசத்துல மாவெல்லாம் கரைஞ்சு போயி பபுள்கம் மாதிரி ஒரு உருண்டை மிஞ்சும். அது இழுத்தா நல்லா நீண்டு வந்து திரும்பிச் சுருங்குச்சுன்னா அந்தக் கோதுமை பிரட்டுக்கு ஆகும். வாயிலயே கரைஞ்சு காணாமப் போச்சுன்னா அது தோசைக்கு, கஞ்சிக்கு வெச்சுக்கலாம். சின்ன வயசுல கோதுமையத் திருடித் தின்னவங்களுக்கு இது புதுசா இருக்காது.

இன்னும் தெளிவாப் பாக்கோணும்னா 50 கிராம் மாவை 30 மில்லி தண்ணியில உருட்டி 20 நிமிசம் வெச்சுட்டு, ஒரு கிண்ணத் தண்ணிக்குள்ள வெச்சுக் கையால கசக்கிக் கழுவுங்க. தண்ணி வெள்ளையா வர்றது நிக்கற வரைக்கும் மாத்தி மாத்திக் கழுவி, மிஞ்சற பசையப் பிழிஞ்சு எடை போடுங்க. 12லிருந்து 15 கிராம் இருந்தா கவலையே வேண்டாம்.

கோயமுத்தூர், ஈரோடு மளிகைக் கடையில கிடைக்கறதுல மத்தியப் பிரதேசத்துச் செஹோர் பக்கம் வெளையற சர்பதி, அப்பறம் லோக்-1, இந்த ரெண்டுமே எனக்கு நல்லா வந்துருக்குது. சர்பதிக்கு இனிப்பும் ஜாஸ்தி. மஞ்சளா கண்ணாடி மாதிரி இருக்கற டியூரம் கோதுமை ரவைக்கும் சேமியாவுக்கும்தான், அதுல பசை இருக்கும், ஆனா நீளுமே ஒழிய திரும்பிச் சுருங்காது, பிரட் படுத்துக்கும்.

சம்பா கோதுமைய நெறையப் பேரு கேக்கறாங்க. நம்ம பக்கம் சம்பான்னு விக்கறது பெரும்பாலும் வடக்க கப்ளின்னு சொல்ற அதே பழைய இனம், நீளமா செவப்பா இருக்கும், மேல உமி ஒட்டிட்டே வரும். நீலகிரியில வெலிங்டன்ல இருக்கற இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்து நெலையத்துல துரு நோய் தாங்கற மாதிரி கோதுமை ரகம் உருவாக்கறாங்க, இந்தச் சம்பா இனத்துலயும் புது ரகம் வெளியிட்டிருக்காங்க. ருசி அருமை, உப்புமாவுக்கு அதை அடிச்சுக்க ஆளில்லை. ஆனா அதோட பசை நெம்ப பலவீனம், அதைய மட்டும் வெச்சுப் பிரட் சுட்டா தட்டையாத்தான் வரும், நூத்துக்கு முப்பது பங்கு சேத்துக்கிட்டாப் போதும். குளூட்டன் ஒத்துக்காத சீலியாக் நோய் இருக்கறவங்களுக்கு சம்பா கோதுமையும் ஆகாது, பாரம்பரியக் கோதுமைன்னா பரவாயில்லைன்னு யாராச்சும் சொன்னாலும் நம்பாதீங்க.

வெதைக்குன்னு வெச்சிருக்கற கோதுமைய ஒருக்காலும் வாங்கக் கூடாதுங்க. பூஞ்சாண மருந்து கலந்திருப்பாங்க, பெரும்பாலும் ரோஸ் கலர்லயோ செவப்புலயோ சாயம் போட்டிருக்கும், கழுவுனாலும் போகாது.

சுத்தம் பண்றதும் ஈரம் பாக்கறதும்

மொறத்துல போட்டுப் பொடைச்சு, கல்லு பொறுக்கி, ஒருக்கா சல்லடையில சலிச்சு எடுங்க. பொறுக்கற வேலைய மட்டும் யாருகிட்டயும் விடாதீங்க, ஒரே ஒரு கல்லு போதும் மில்லோட கல்லுல கீறல் விழுக.

கழுவறதா வேண்டாமாங்கறது ஒவ்வொரு ஊட்டுலயும் ஒரு சண்டை. என்ற அமுச்சி, அதாவது அம்மாவோட அம்மா, கோபிப் பக்கத்து ஊரு, கழுவாத தானியத்தத் திருகையில போடவே உடாது. எனக்கும் கழுவுனாத்தான் மனசுக்குத் திருப்தி, ஆனா கழுவறதா இருந்தா ரெண்டே நிமிசத்துல அலசி, தண்ணிய ஒட்ட வடிச்சு, வேட்டித் துணியில மெல்லிசாப் பரப்பி ரெண்டு நாள் முழு வெய்யில்ல காய வெக்கோணும். ஆடி மாசத்துக் காத்துல ஒரே நாள்ல மேல காஞ்ச மாதிரித் தெரியும், உள்ள ஈரம் இருக்கும். அந்த ஈரக் கோதுமை கல்லுக்குள்ள போனா அப்பிக்கும், கல்லு வழவழன்னு ஆயிரும், அப்பறம் அரைபடாது. மெசினுக்கு ஈரம் 12, 13 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது, அதுக்கு மீட்டரெல்லாம் வேண்டாங்க, ஒரு மணிய முன்பல்லுல வெச்சுக் கடிங்க, டக்குன்னு சத்தத்தோட ரெண்டா ஒடைஞ்சா சரி, பல்லுல நசுங்குனா இன்னொரு நாள் வெய்யில். மழைக்காலத்துல நான் கழுவறதே இல்லை, ஈரத்துணியில தேய்ச்சுத் தொடைச்சு நெழல்ல ஒரு நாள் ஒணத்தி எடுத்துக்கறேன்.

அரைக்கறதுக்கு மொத நாள் பொழுதோட, கோதுமைய மூடி போட்ட டப்பாவுல போட்டு பிரிட்ஜுக்குள்ள வெச்சுருங்க. சில்லுன்னு இருக்கற கோதுமை அரைபடறப்ப வர்ற சூட்டை அதுவே வாங்கிக்கும். சித்திரை, வைகாசியில இதை விட்டா வேற வழியே இல்லை. டப்பாவத் தெறந்ததும் ஒடனே மெசினுல போட்டுரோணும், தெறந்து வெச்சுட்டுப் போன் பேசிட்டு இருந்தா மேல வேர்த்துக்கும்.

எதுல அரைக்கறது

மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன், இட்லி மாவு ஆட்டற கிரைண்டர்ல காஞ்ச கோதுமையப் போடாதீங்க. கோயமுத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்குன ஊர்க்காரங்க நாம, அதனால எல்லாத்தையும் அதுலயே அரைக்கலாம்னு ஒரு நெனப்பு வந்துருது. அது ஈர மாவுக்குன்னே செஞ்சது, தண்ணி இல்லாம ஓட்டுனா கல்லும் கல்லும் தேஞ்சு கல்லுத்தூள்தான் மாவுல சேரும்.

மிக்ஸி இருந்தாலே ஆரம்பிச்சுரலாம். சின்ன ஜாரு, நல்லாக் காஞ்சிருக்கோணும், ஒரு தடவைக்கு 150 கிராம் கோதுமைதான். 20 செகண்டு ஓட்டு, நிறுத்து, ஜாரைக் குலுக்கு, மறுபடியும் 20 செகண்டு. பிளேடு வெட்டித்தான் அரைக்குது, கல்லு மாதிரி நசுக்கி அரைக்கறதில்லை, அதனால பாதி நைசாவும் பாதி ரவையாவும் இருக்கும், சலிச்சு எடுத்துட்டு மேல நிக்கற ரவைய மட்டும் அடுத்த ஈட்டோட சேத்துப் போடோணும். 450 கிராம் அரைக்க அரை மணி நேரம் புடிக்கும், நடுவுல மிக்ஸிய ஆற விடோணும். வாரத்துக்கு ஒரு பிரட் சுடறவங்களுக்கு இதுவே போதுமுங்க, மொதல்லயே பணத்தைக் கொட்டாதீங்க.

ரெண்டாவது ஊட்டு மாவு மில்லு, அலமாரி மாதிரி நிக்குமே அது, பெரும்பாலும் 1 ஹெச்பி மோட்டாரு. நம்ம ஊர்ல விக்கறதுல நெறைய மாடல் உள்ள கல்லே இல்லாம, சுத்தற இரும்புப் பிளேடு தானியத்தை அடிச்சு ஒடைச்சு கீழ ஜாலி, அதாவது ஓட்டை போட்ட சல்லடைத் தகடு, வழியாத் தள்ளற மாதிரிதான் இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி உள்ள தெறந்து காட்டச் சொல்லிப் பாத்துக்கங்க. கூடவே அஞ்சாறு ஜாலி குடுப்பாங்க. இதுல பிரட்டுக்கு நான் பண்றது என்னன்னா, மொதல்ல ரவை ஜாலி போட்டு ஒரு ஓட்டம், அந்த ரவைய அகலமான தட்டுல கொட்டி அரை மணி நேரம் ஆற விட்டு, அப்பறம் நைஸ் ஜாலி போட்டு ரெண்டாவது ஓட்டம். நேரா நைஸ் ஜாலியிலயே போட்டா தானியம் வெளிய வர முடியாம உள்ளயே கெடந்து அடி வாங்கி வாங்கிச் சூடேறுது. தானியம் விழுகற வாயையும் பாதிதான் தெறந்து வெப்பேன்.

மூணாவது கல்லு மில்லு. ஒண்ணு மேசை மேல வெக்கற மாதிரி கரண்டுல ஓடறது, இல்லைன்னா கையால சுத்தறது. இதுல கல்லோட இடைவெளியக் கூட்டிக் கொறைக்க ஒரு திருகு இருக்கும். மோட்டாரை ஓட விட்டுட்டு, தானியம் போடாம, மெதுவா இறுக்கிட்டே வாங்க. ரெண்டு கல்லும் லேசாத் தொடறப்ப டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வரும், வந்த ஒடனே சித்த பின்னாடி விட்டுருங்க, அதுதான் அந்த மில்லோட நைசு எல்லை. மொத ஓட்டத்துக்கு அதைக் காட்டியும் நல்லாத் தளர்த்தி வெச்சு ரவையா ஒடைச்சுக்கிட்டு, ரெண்டாவது ஓட்டத்துக்கு இறுக்குங்க. தானியமே இல்லாம கல்லை உரச விட்டுராதீங்க. புது மில்லுன்னா மொதல்ல அரைக் கிலோ அரிசிய அரைச்சு வெளிய கொட்டிருங்க, கல்லுத்தூள் அதுலயே வந்துரும். நடுவுல எப்பவாச்சும் கல்லு வழவழத்துப் போச்சுன்னாலும் நல்லாக் காஞ்ச அரிசி ஒரு ரெண்டு கைப்புடி ஓட்டுனா சரியாகிக்கும்.

திருகை இன்னும் சில ஊட்டுல கெடக்குது, மஞ்சத்தண்ணி ஊத்திப் பொங்கலுக்கு மட்டும் கும்புடறாங்க. கொத்தி எடுத்தா நல்லா அரைக்கும். நான் சின்னப் பையனா இருக்கறப்ப அமுச்சி கூட உக்காந்து சுத்துவேன், சீக்கிரம் முடியோணும்னு குழியில ரெண்டு கைப்புடியாப் போட்டா, "ஒரு கைப்புடி போடு கண்ணு, வாய் நெறையப் போட்டா கல்லு சுத்தாது, மாவும் வெந்துரும்"னு சொல்லும். மாவு எப்படி வேகும்னு அப்பப் புரியலைங்க. இப்ப மெசினோட வாயப் பாதி மூடறப்பெல்லாம் அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வருது, வளையல் தேய்ஞ்ச மணிக்கட்டுல மாவு அப்பி வெள்ளையா இருக்கும்.

வெளி மில்லுலதான் அரைக்கோணும்னு இருந்தா, காலையில கடை தெறந்ததும் கல்லு சில்லுன்னு இருக்கறப்பப் போயிருங்க, முன்னாடி என்ன அரைச்சீங்கன்னு கேளுங்க, மொளகாய்க்கும் மல்லிக்கும் தனி மெசின் இருக்கற எடமாப் பாருங்க, கல்லைத் தளர்த்தி வெச்சு ரவை கணக்கா ஒரு ஓட்டம், அப்பறம் இன்னொரு ஓட்டம்னு சொல்லி அதுக்குண்டான காசைச் சேத்துக் குடுத்துருங்க. மெசினுக்குள்ள அடுத்தவங்க மாவு கொஞ்சம் தங்கியிருக்கும்கறதால மொதல்ல விழுகற கால் கிலோவத் தனியா எடுத்து சப்பாத்திக்கு வெச்சுக்கலாம்.

சூடு பாக்கறதும் சலிக்கறதும்

விழுகற மாவை ஒரு கைப்புடி அள்ளி மணிக்கட்டோட உள்பக்கம் போட்டுப் பாருங்க, கொழந்தைக்குப் பால் சூடு பாப்பமே அந்த மாதிரி. வெதுவெதுன்னு இருந்தாச் சரி, சுர்ருன்னா நிறுத்தி ஆற விடுங்க. சமையல் தெர்மாமீட்டர் இருந்தா 40 டிகிரிக்குள்ள இருக்கோணும். அப்பறம் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சுத் தேய்ச்சுப் பாருங்க, விபூதி மாதிரி வழுக்கிட்டுப் போகாம, ஒரு சன்னமான நரநரப்பு தெரியோணும்.

இந்த எடத்துல வாசத்தைச் சொல்லாமப் போக முடியாதுங்க. பாக்கெட் மாவுல வாசமே இருக்காது, இதுல வெய்யில்ல காஞ்ச வைக்கோல் வாசமும் பச்சைத் தேங்கா மாதிரி ஒரு எண்ணெய் வாசமும் சேந்து வரும். அந்த எண்ணெய் கோதுமையோட முளையில இருக்கறது. ஒரு கோதுமை மணியில ஏறக்கொறைய 83 பங்கு மாவு, 14 பங்கு தவிடு, முளை ரெண்டரை மூணு பங்குதான், ஆனா எண்ணெயும் வைட்டமின் ஈயும் நெறையா அந்த முளையிலதான் இருக்குது.

முழு மாவுலயே பிரட் சுடலாம். ஆனா மொதத் தடவை பண்றவங்க ஒருக்கா சலிச்சுக்கங்க, ஏன்னா தவிடு கூர்கூரா இருந்து பசை இழையை அறுத்து விட்டுரும். மைதா சல்லடையில வேண்டாம், அதுக்கு அடுத்த பெருசுல சலிங்க, 1 கிலோவுக்கு 150 கிராம் போலத் தவிடு நிக்கும். அதைத் தூக்கிப் போடாம அதோட எடைக்குக் கொதிக்கற தண்ணி ஊத்தி மூடி வெச்சு, ஆறுனதும் பெசையறப்பக் கடைசியாச் சேத்துக்கலாம், ஊறித் தவிடு மெத்துன்னு ஆயிரும், அறுக்காது. நான் இப்பெல்லாம் இப்படித்தான் பண்றேன், சத்தும் போகாது, பிரட்டும் எந்திரிக்கும்.

அரைச்ச மாவை அன்னைக்கே பெசஞ்சுருங்க. பழசாக்கி எடுக்கோணும்னா காத்தோட்டமா பத்துப் பதினஞ்சு நாள் வெச்சா பசை கொஞ்சம் இறுகும், காத்துல இருக்கற ஆக்சிஜன் பண்ற வேலை அது. ஆனா அதுக்குள்ள நம்ம ஊரு வெக்கைக்கு முளை எண்ணெய் காறிப் போயிரும், மாவு கசக்கும், அதனால என்ற கணக்குக்கு அன்னைக்கு மாவு அன்னைக்கே.

பெசையறது

9 இஞ்ச் நீள டின்னுக்கு ஒரு பிரட் கணக்கு: ஆறுன மாவு 400 கிராம், தண்ணி 320 மில்லி, உப்பு 8 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை 15 கிராம், வெண்ணெய் 20 கிராம். டம்ளர் கணக்கு ஆகாது, புதுசா அரைச்ச மாவு பூத்து நிக்கும், தராசு வேணும். தவிட்டைத் தனியா ஊற வெச்சிருந்தா அந்தத் தண்ணிய 320ல கழிச்சுக்கங்க.

மொதல்ல 30 மில்லி தண்ணிய நிறுத்தி வெச்சுட்டு, மாவும் மிச்சத் தண்ணியும் (தவிடு ஊற வெக்கலைன்னா 290 மில்லி) மட்டும் கலந்து, வறண்ட மாவு எங்கயும் இல்லாமப் பண்ணி, மூடி 40 நிமிசம் விட்டுருங்க. இந்தப் படிய மட்டும் தாண்டாதீங்க, முழுக்கோதுமை மெதுவாத்தான் தண்ணி குடிக்கும். கலக்குனப்ப சேறாட்ட இருந்தது, தெறந்து பாத்தா இழுபட ஆரம்பிச்சிருக்கும். அதுக்கப்பறம் ஈஸ்ட், உப்பு, நாட்டுச்சர்க்கரை, நிறுத்தி வெச்ச தண்ணியக் கொஞ்சங்கொஞ்சமாத் தெளிச்சு 10, 12 நிமிசம் பெசைங்க, கடைசியில வெண்ணெய். கையில ஒட்டுதுன்னு மாவு தூவாதீங்க, கையைத் தண்ணியில நனைச்சுக்கங்க. சப்பாத்தி மாவு பதத்துல நிறுத்துனா பிரட் செங்கல்லாத்தான் வரும், பரோட்டா மாவைக் காட்டியும் தளர்வா இருக்கோணும். வெய்யில் காலத்துல தண்ணிய பிரிட்ஜுல இருந்து எடுத்து ஊத்துங்க, பெசஞ்சு முடிக்கறப்ப மாவு 26 டிகிரி கிட்ட இருந்தா நல்லது.

புது மாவுல நொதி சுறுசுறுப்பா இருக்கும், அதனால சீக்கிரம் புளிக்கும். பாக்கெட் மாவுக்கு ரெண்டு மடங்கு ஆகட்டும்னு காத்திருப்போம், இதுக்கு ஒண்ணரை மடங்குலயே எடுத்துரோணும், கோயமுத்தூர்ல மார்கழிக்கு ஒண்ணேகால் மணி நேரம், சித்திரைக்கு 45 நிமிசம் கூட ஆகாது. கடியாரத்தைப் பாக்காதீங்க, பாத்திரத்துல வெளிப்பக்கம் ரப்பர் பேண்டு போட்டு அளவு வெச்சுக்கங்க. காத்தை அழுத்தி விட்டு, பாய் சுருட்டற மாதிரி இறுக்கிச் சுருட்டி, வெண்ணெய் தடவுன டின்னுல மடிப்பு கீழ இருக்கற மாதிரி வெச்சு, இன்னும் 30, 40 நிமிசம். விரலால லேசா அமுக்குனா குழி மெதுவாப் பாதி திரும்பி வரோணும். ஒடனே துள்ளி வந்தா இன்னும் நேரம் இருக்குது, வராமயே நின்னுட்டா தாண்டிப் போச்சு, அப்படியே அடுப்புல வெச்சுருங்க, இன்னும் விட்டா நடுவுல குழிஞ்சுரும்.

சுடறது

ஓடிஜிய (மேசை மேல வெக்கற கரண்டு அடுப்பு) 200 டிகிரியில 15 நிமிசம் நல்லாச் சூடு பண்ணி, கீழ்த் தட்டுல வெச்சு 35லிருந்து 40 நிமிசம். 20 நிமிசத்துல மேல கறுக்க ஆரம்பிச்சா பாயில் பேப்பர் போட்டு மூடுங்க, நாட்டுச்சர்க்கரை இருக்கறதால செவப்பு சீக்கிரம் ஏறும். டின்னுல இருந்து எடுத்து அடியில தட்டுனா வெறும் பானையத் தட்டுன மாதிரி சத்தம் வரோணும், தெர்மாமீட்டர் குத்துனா 96 டிகிரி. கம்பி மேல வெச்சு ரெண்டு மணி நேரம் தொடாதீங்க. சூட்டோட வெட்டுனா நல்லா வெந்த பிரட்டு கூட களி மாதிரிதான் தெரியும், ஆறுறப்பதான் உள்ள இருக்கற மாவுச்சத்து இறுகுது. ஆறுனதும் மொத துண்டுக்கு ஊத்துக்குளி வெண்ணெய் தடவி, மேல ஒரு சிட்டிகை உப்பு.

கம்பு, சோளம், ராகி சேக்கறவங்களுக்கு

இதுல எதுலயும் குளூட்டன் கெடையாது, அதனால 400 கிராம்ல 40லிருந்து 60 கிராம் வரைக்கும்தான். ராகிய அரைச்சு அப்படியே கொட்டாம, 50 கிராம் ராகி மாவை 100 மில்லி கொதிக்கற தண்ணியில கிண்டிக் களியாக்கி ஆற வெச்சுச் சேத்தா பிரட் மூணு நாள் காயாது, சேத்த தண்ணியக் கணக்குல கழிக்க மறக்காதீங்க. சோளம் வாசம் நல்லா இருக்கும், கொஞ்சம் உதிரும். கம்புல எண்ணெய் ஜாஸ்தி, அஞ்சு சதவீதம் கிட்ட இருக்கும், அரைச்ச அஞ்சாறு நாள்லயே கசந்துரும், அதனால கம்பை மட்டும் அன்னைக்கு வேணுங்கறதை அன்னைக்கே மிக்ஸியில அரைச்சுக்கங்க.

மிஞ்சுனதை வெக்கறது

கோதுமையா இருந்தா நல்லாக் காய வெச்சு, வசம்பும் காஞ்ச வேப்பிலையும் போட்டு டப்பாவுல வெச்சா மாசக்கணக்குல இருக்கும். வண்டு முட்டை இருக்கும்னு பயமா இருந்தா பிரீசர்ல நாலு நாள் வெச்சு எடுங்க, டப்பாவத் தெறக்காம வெளிச் சூட்டுக்கு வந்ததுக்கப்பறம் தெறங்க, இல்லைன்னா வேர்த்து ஈரமாகும். மாவா மிஞ்சுனா காத்துப் புகாத டப்பாவுல பிரிட்ஜுல ஒரு மாசம். எடுக்கறப்ப நுனி நாக்குல வெச்சுப் பாருங்க, கசந்தா பிரட்டும் கசக்கும். மில்லை மட்டும் ஒருக்காலும் தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, காஞ்ச பிரஷ்ஷால மூலை முடுக்கெல்லாம் தட்டி எடுத்து, மூடிய ராத்திரி முழுக்கத் தெறந்து வெச்சு, காலையில மூடுங்க.